ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: சான்றைத் தேடுவதும் எடைபோடுவதும்

கல்லூரி நூலகமொன்றில் ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டும் மேசையில் நான் உட்காரத் தொடங்கியதிலிருந்து முகங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஐயங்கள் மட்டும் மாறவில்லை. இளங்கலை மூன்றாம் ஆண்டில் திட்டக்கட்டுரை எழுதுபவரும் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இயன்றவரை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழக வரலாற்றையும் சமூகவியலையும் சார்ந்தவை. என்னிடம் வருபவர்களில் அத்துறையினரே மிகுதி என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

1. "தலைப்பு முடிவு செய்துவிட்டேன்: தஞ்சாவூர் வரலாறு. எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம்?"

இப்போதைக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் தொடங்க வேண்டாம். "தஞ்சாவூர் வரலாறு" என்பது ஓர் அலமாரியின் பெயராக இருக்கலாம். ஆய்வுக்குரிய கேள்வியாக இருக்க முடியாது. எந்தக் காலம், எந்த ஊர், யாருடைய வாழ்க்கை, எந்தப் பொருள் என்று நான்கு பக்கமும் வேலி கட்டிய பிறகுதான் தேடுவதற்கு ஏதாவது மிஞ்சும். "எங்கள் ஊரின் மூன்று குளங்கள் 1950க்குப் பிறகு எப்படி, யாரால் தூர்ந்தன?" என்று கேட்டுவிட்டால், வருவாய்த்துறைப் பதிவேடு, பழைய நிலப்படம், ஊர்ப் பெரியவர்களின் நினைவு என்று எங்கே போக வேண்டும் என்பதைக் கேள்வியே சொல்லிவிடும்.

கேள்வி சரியாக அமைந்துவிட்டதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. அதற்கு நீங்கள் எதிர்பார்க்கும் விடை தவறாகப் போக வாய்ப்பிருக்கிறதா என்று பாருங்கள். தவறவே வாய்ப்பில்லை என்றால் நீங்கள் ஆராயப் போவதில்லை, முன்பே தெரிந்ததைத் திரும்ப எழுதப் போகிறீர்கள்.

2. "முதன்மைச் சான்று, இரண்டாம் நிலைச் சான்று என்று பாடத்தில் படித்தேன். உண்மையில் என்ன வேறுபாடு?"

நன்னூல் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாகப் பிரிக்கிறது. அது நூல் இயற்றுவதைப் பற்றிய பாகுபாடு என்பதால் இன்றைய ஆய்வுமுறையோடு அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஒன்று மற்றொன்றின் வழியே பிறக்கிறது என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன். நீங்கள் ஆராயும் காலத்திலேயே, ஆராயும் நிகழ்வோடு தொடர்புடையவர்களிடமிருந்து தோன்றியது முதன்மைச் சான்று. அதைப் படித்து விளக்கியது இரண்டாம் நிலைச் சான்று. அப்படி விளக்கியவற்றைச் சுருக்கித் தொகுத்துத் தரும் பாடநூலும் கலைக்களஞ்சியமும் மூன்றாம் நிலையில் நிற்பவை.

தஞ்சைப் பெரிய கோயில் 1010ஆம் ஆண்டு நிறைவுற்றது என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அந்த ஆண்டு எங்கிருந்து வந்தது? கோயிலின் கல்வெட்டில் 1010 என்ற எண் கிடையாது. இராசராசன் தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் இருநூற்று எழுபத்தைந்தாம் நாளில் விமானத்தின் உச்சியில் வைப்பதற்குச் செப்புக் குடத்தைக் கொடுத்ததாகத்தான் அது கூறுகிறது. அவன் 985இல் அரியணை ஏறினான் என்பதை வேறு கல்வெட்டுகளிலிருந்து ஆய்வாளர்கள் கணித்து வைத்திருப்பதால், இரண்டையும் கூட்டி நாம் 1010 என்கிறோம். கல்வெட்டு முதன்மைச் சான்று. 1010 என்பது அதிலிருந்து பெற்ற முடிவு. இரண்டும் நம்பத்தக்கவையே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்து எழுதும் மாணவர், கல்வெட்டில் 1010 என்று பொறித்திருப்பதாக ஒருபோதும் எழுதமாட்டார்.

3. "ஹெமிங்வே என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிய தஞ்சாவூர் மாவட்ட விவரச்சுவடி (கெசட்டியர்) 1906இல் வந்தது. இவ்வளவு பழையது என்றால் அது முதன்மைச் சான்றுதானே?"

ஒரு நூலை முதன்மைச் சான்றாக்குவது அதன் வயது அல்ல, அதனிடம் நீங்கள் கேட்கும் கேள்வி. சோழர் ஆட்சியைப் பற்றி அறிய அந்த நூலைத் திறந்தால் அது இரண்டாம் நிலைச் சான்று, அதுவும் காலாவதியான ஒன்று. 1906இல் ஓர் ஆங்கிலேய அதிகாரி தஞ்சை விவசாயிகளையும் சாதிகளையும் எந்தக் கண்ணால் பார்த்தார் என்று அறியத் திறந்தால் அதைவிட முதன்மையான சான்று கிடைப்பது அரிது. ஆட்சி நடத்துவதற்காக எழுதப்பட்ட நூல் அது. வரி, பாசனம் பற்றிய விவரங்களில் அது காட்டும் கவனத்தை மக்களின் குணம் பற்றிய அதன் தீர்ப்புகளில் எதிர்பார்க்கக் கூடாது.

4. "விக்கிப்பீடியாவைப் பார்க்கவே கூடாது என்று வகுப்பில் சொல்கிறார்கள். ஆனால் சொல்பவர்களும் பார்க்கிறார்களே?"

பார்க்கலாம், மேற்கோளாகக் காட்டத்தான் கூடாது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. நல்ல கட்டுரைகள் பல அதில் உள்ளன, நான்கு வரியோடு நின்றுபோனவையும் உள்ளன. கலைக்களஞ்சியம் எதுவானாலும் அது மூன்றாம் நிலையில் நிற்பது. அச்சிட்ட கலைக்களஞ்சியத்தையும் முதுகலை ஆய்வேட்டில் சான்றாகக் காட்டுவது அழகல்ல. விக்கிப்பீடியாவில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு: நீங்கள் பார்த்த பக்கம் நாளை அதே வடிவில் இருக்க வேண்டியதில்லை.

அதைப் பயன்படுத்தும் முறை இதுதான். கட்டுரையைப் படித்து, பெயர்களையும் ஆண்டுகளையும் குறித்துக்கொண்டு, கீழே உள்ள அடிக்குறிப்புகளுக்கு இறங்குங்கள். அங்கே சுட்டப்பட்ட நூலை நூலகத்தில் எடுத்து, சொல்லப்பட்ட செய்தி அந்தப் பக்கத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த நூலை மேற்கோள் காட்டுங்கள். அடிக்குறிப்பே இல்லாத வாக்கியமாக இருந்தால், அது உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள். "உரையாடல்" பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எந்தச் செய்தி சர்ச்சைக்குரியது என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியவரும்.

5. "தமிழில் தட்டித் தேடினால் ஒன்றுமே வருவதில்லை. தமிழில் தகவல் இல்லையா, எனக்குத் தேடத் தெரியவில்லையா?"

இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தமிழ்ச் சொல் வேற்றுமை ஏற்கும்போதும் புணரும்போதும் உருமாறுகிறது. "குளம்" என்று தேடுபவருக்குக் "குளத்தின்", "குளங்களை" என்று வரும் பக்கங்கள் அகப்படாமல் போகலாம். எனவே "குளத்", "குளங்" என்ற பகுதிகளை வைத்தும் தேடிப் பார்க்க வேண்டும். கிரந்த எழுத்தும் இடறும்: ஜமீன், சமீன், ஹரிஜன், அரிசன், ராஜராஜன், இராசராசன் என்று ஒவ்வொன்றையும் இரு வடிவிலும் தேடுங்கள்.

ஆங்கில ஆவணங்களில் தேடுபவர்கள் ஊர்ப்பெயரில் ஏமாறுகிறார்கள். பழைய பதிவுகளில் திருநெல்வேலி டின்னவெல்லியாகவும், தூத்துக்குடி டூட்டிகோரினாகவும், தரங்கம்பாடி டிராங்குபாராகவும் கிடக்கும். இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதி ஆவணம் கண்ணில் படாது. மின்வருடிய தமிழ் நூல்களில் வேறொரு தொல்லை உண்டு. பல கோப்புகள் வெறும் படங்களே. அவற்றுக்குள் சொல் தேட முடியாது. எழுத்துணரி கொண்டு உரையாக மாற்றியிருந்தாலும் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய னை, லை, றா போன்ற பழைய வடிவங்களில் அது தடுமாறும். ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளும் தேடலுக்குச் சிக்குவதில்லை. ஆகவே "தேடினேன், இல்லை" என்று சொல்வதற்கு முன் பொருளடக்கத்தைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

6. "பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் எங்கே பார்க்கலாம்?"

வீட்டிலிருந்தே பார்க்க வேண்டுமானால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் முதலில் பார்க்க வேண்டியது. 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் இலக்கியங்களின் உரைவடிவத்துக்கு உதவும்; மேற்கோள் எடுக்கும்போது மட்டும் அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இலங்கைத் தமிழர் தொடர்பான நூல்கள், இதழ்கள், சிறு வெளியீடுகள் ஆகியவற்றுக்கு "நூலகம்" என்ற இணையத் திட்டத்தை விட்டால் ஈடில்லை.

நேரில் போக முடிந்தவர்களுக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா ஒற்றை மனிதராகச் சேர்த்த திரட்டின் மேல் எழுந்த நூலகம் அது. நாடக விளம்பரத் துண்டறிக்கை முதல் சமையல் குறிப்புவரை வேறெங்கும் பாதுகாக்காதவை அங்கே உண்டு. 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகத்துக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்டின் பதிப்பாளர்கள் தம் வெளியீடுகளில் ஒரு படி அனுப்பியாக வேண்டும். சுவடிகளுக்கு உ.வே.சா. நூலகமும் தஞ்சை சரசுவதி மகாலும், அரசாணைகளுக்கும் பழைய அரசுக் கோப்புகளுக்கும் எழும்பூர் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. எங்கே சென்றாலும் வழிகாட்டியின் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். பென்சில் கொண்டு போங்கள். பழைய ஆவணங்களின் அருகே பேனாவை யாரும் விரும்புவதில்லை.

அண்மைக்கால அரசுத் தகவல் எங்கும் வெளியிடப்படவில்லை என்றால், 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் மாணவர்களுக்கும் உரியதே. 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "எல்லா விவரமும் தருக" என்று கேட்காமல், எந்த ஆண்டு, எந்த வட்டம், எந்தப் பதிவேடு என்று குறித்துக் கேட்டால்தான் பயனுள்ள பதில் வரும்.

7. "ஓர் இணையப் பக்கம் நம்பத்தக்கதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

பக்கத்தின் அழகையோ முகவரியின் இறுதியில் வரும் எழுத்துகளையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்று பார்ப்பது எல்லோரும் சொல்லித்தருவது, அதற்கு மேல் நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்று: "இவருக்கு இது எப்படித் தெரியும்?" நேரில் கண்டாரா, ஆவணத்தைப் படித்தாரா, அளந்தாரா, கண்டவரிடம் கேட்டாரா, அல்லது வேறொருவர் எழுதியதை எடுத்து எழுதினாரா? இந்தக் கேள்விக்கு அந்தப் பக்கத்தில் விடை இருந்தால், விடை சுட்டும் இடத்துக்குப் போங்கள். விடையே இல்லை என்றால், அங்கே இருப்பது செய்தி அல்ல, செய்தியைப் போல எழுதப்பட்ட ஏதோ ஒன்று.

இன்னொரு பழக்கமும் உதவும். அறிமுகமில்லாத தளத்துக்குள்ளேயே உட்கார்ந்து அதன் "எங்களைப் பற்றி" பகுதியைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். வெளியே வந்து, அந்தத் தளத்தைப் பற்றியும் எழுதியவரைப் பற்றியும் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடுங்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண் வீட்டாரிடம் மட்டுமா விசாரிக்கிறார்கள்?

8. "யூடியூபில் ஒரு பேராசிரியரே சொல்கிறார். அதையும் சந்தேகப்பட வேண்டுமா?"

அவரைச் சந்தேகப்பட வேண்டாம். சொன்ன செய்தியைச் சோதியுங்கள். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று படித்தவர்களே எத்தனை காலமாகச் சொல்லி வருகிறார்கள்! காலையிலோ மாலையிலோ கோயிலுக்குப் போனால் வெளிமுற்றத்தில் நீண்டு கிடக்கும் நிழலின் மேல் நீங்களே நிற்கலாம். சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும் உச்சிப்பொழுதில் நிழல் சுருங்கி அடித்தளத்துக்குள் அடங்குவது அகன்ற அடியும் குறுகிய முடியும் கொண்ட எந்தக் கட்டடத்துக்கும் பொருந்தும். ஏழாம் கேள்வியில் சொன்ன சோதனையை இங்கே பொருத்திப் பாருங்கள்: சொன்னவர்களில் எத்தனை பேர் நிழலைப் பார்க்கும் எண்ணத்தோடு அங்கே போனார்கள்?

பேராசிரியர் என்ற பட்டம் அவரவர் துறைக்குள்தான் செல்லுபடியாகும். வேதியியல் பேராசிரியர் கல்வெட்டைப் பற்றிப் பேசும்போது அவரும் நம்மைப் போல ஒரு வாசகரே.

9. "பத்து, பதினைந்து தளங்களில் ஒரே செய்தி இருக்கிறது. அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?"

சுவடி பதிப்பித்தவர்களுக்கு இதற்கு விடை தெரியும். சீவக சிந்தாமணியை 1887இல் வெளியிடுவதற்கு முன் உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடி ஒப்பிட்டுப் பாடபேதம் (ஏட்டுக்கு ஏடு மாறும் சொற்கள்) குறித்தார். அத்தகைய ஒப்பீட்டில் ஒரே ஏட்டைப் பார்த்துப் படியெடுத்த பத்துச் சுவடிகள் பத்துச் சான்றுகள் ஆவதில்லை. மூல ஏட்டில் இருந்த பிழை பத்திலும் அப்படியே இருக்கும். அது ஒரே பிழையாகக் கிடைப்பதே அவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். இணையத்திலும் இதேதான். சொல் மாறாமல், எழுத்துப்பிழை மாறாமல் பதினைந்து இடங்களில் இருந்தால் அது ஒரு சான்று, பதினான்கு நகல்.

ஆங்கிலேய ஆட்சிக்கால அதிகாரி மெக்காலே பேசியதாகச் சுற்றும் பத்தி இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. இந்தியா முழுவதும் பயணம் செய்தும் ஒரு பிச்சைக்காரரையோ திருடரையோ காணவில்லை, இவர்களின் பண்பாட்டை உடைத்தால்தான் வெல்ல முடியும் என்று அவர் 1835 பிப்ரவரி 2ஆம் நாள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசினாராம். மெக்காலே 1834 ஜூனிலேயே கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கிவிட்டார். அந்தப் பிப்ரவரியில் அவர் கல்கத்தாவில் இருந்தார். அந்த நாளிட்டு அவர் எழுதியது கல்வி பற்றிய குறிப்பு. அதில் இந்தப் பத்தி இல்லை. ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒற்றை அலமாரி இந்தியா, அரேபியா இரண்டின் இலக்கியம் முழுமைக்கும் ஈடாகும் என்று அதில் உண்மையிலேயே எழுதியிருக்கிறார். அவரைக் கண்டிக்க விரும்புகிறவருக்கு அதுவே போதும். பொய்ப் பத்தி எதற்கு? ஆண்டு, நாள், இடம் மூன்றையும் தனித்தனியே சரிபார்க்கும் பழக்கம் இருந்தால் இத்தகைய பத்திகளில் பெரும்பாலானவை அரை மணி நேரம்கூடத் தாங்காது.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்ற குறளை அச்சிட்டுவிட்டு, ஐந்தாம் பக்கத்தில் இந்த மெக்காலே பத்தியைச் சேர்த்திருந்த ஒரு படியை நான் பார்த்திருக்கிறேன்.

10. "இரண்டுமே நல்ல நூல்கள். ஆனால் இரண்டிலும் வேறு வேறு எண் இருக்கிறது. எதை எடுப்பது?"

எண்ணை எடுப்பதற்கு முன் அது எதை எண்ணியது என்று பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் சில நூல்களில் 80.33 விழுக்காடு என்றும், சிலவற்றில் 80.09 விழுக்காடு என்றும் இருக்கும். முதலாவது அந்த ஆண்டே வெளியான தற்காலிக முடிவு. இரண்டாவது பின்னர் வெளியான இறுதி முடிவு. இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் புதுப்பிக்க மறந்துவிட்டார், அவ்வளவுதான். இறுதி முடிவை எடுத்துக்கொண்டு, அது ஏழும் அதற்கு மேலும் வயதுடையவர்களை மட்டும் கணக்கில் கொண்டது என்பதையும் எழுதுங்கள். மொத்த மக்கள்தொகையால் வகுத்த வேறொரு எண்ணை எங்காவது பார்த்தால் குழம்ப மாட்டீர்கள்.

சில முரண்களுக்குக் காரணம் கணக்கு முறையில் இருக்கும். பாரதியார் மறைந்த நாள் 1921 செப்டம்பர் 11 என்றும் 12 என்றும் நூல்களில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் உயிர் பிரிந்தது 11ஆம் தேதி இரவு நள்ளிரவைக் கடந்த பிறகு. பொழுது விடிந்தால்தான் மறுநாள் என்று கொள்ளும் நம் வழக்கப்படி அது 11. ஆங்கில நாட்காட்டிப்படி 12. இத்தகைய இடத்தில் ஒன்றை அழித்து மற்றொன்றை எழுதுவதைவிட முரண்பாட்டையும் அதன் காரணத்தையும் ஒரு வரி அடிக்குறிப்பில் தருவதே நேர்மையானது.

11. "1981, 2011 இரண்டு கணக்கெடுப்புகளிலிருந்தும் தஞ்சாவூர் மாவட்ட எண்களை எடுத்து ஒப்பிட்டிருக்கிறேன். சரிதானே?"

பெயர் ஒன்று, பரப்பு வேறு. 1991இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானது. 1997இல் திருவாரூர் பிரிந்தது. எனவே 1981இன் தஞ்சாவூரோடு 2011இன் தஞ்சாவூரை ஒப்பிட்டால் மக்கள்தொகை சரிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் யாரும் எங்கும் போய்விடவில்லை. 2011இன் மூன்று மாவட்டங்களையும் கூட்டி ஒப்பிடுங்கள், அல்லது எல்லை மாறாத வட்டத்தையோ ஊரையோ அலகாகக் கொள்ளுங்கள். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களை ஆராய்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அட்டவணை போடுவதற்கு முன் வரைபடத்தைப் பார்ப்பது நல்லது.

12. "எங்கள் ஊர்ப் பாட்டி சொன்னதைச் சான்றாகக் காட்டலாமா? வழிகாட்டி வேண்டாம் என்கிறார்."

தாராளமாகக் காட்டலாம், எதற்குச் சான்று என்பதில்தான் கவனம் வேண்டும். முதல் கேள்வியில் வந்த குளத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் எப்போதுவரை குளித்தார்கள், எந்தத் தெருக்காரர்களுக்கு எந்தப் படித்துறை விலக்கப்பட்டிருந்தது என்பவற்றைப் பாட்டி சொல்வதுபோல எந்த அரசுப் பதிவேடும் சொல்லாது. ஆனால் குளத்தின் பரப்பு எத்தனை ஏக்கர், எந்த ஆண்டு பட்டா மாறியது என்பதற்கு அவர் நினைவை மட்டும் நம்பாதீர்கள். ஆண்டு கேட்டால் பலருக்குச் சொல்ல வராது, "உங்கள் மூத்த மகன் பிறந்ததற்கு முன்பா, பின்பா?", "அந்தப் பெரிய புயலுக்கு முன்பா?" என்று கேட்டால் கணக்குச் சரியாக வந்துவிடும்.

பேட்டி எடுத்த நாள், இடம், அவருடைய வயது, உடனிருந்தவர்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மருமகள் அருகில் இருந்தபோது சொன்னதும் தனியாக இருந்தபோது சொன்னதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒலிப்பதிவு செய்யவும் பெயரை வெளியிடவும் தனித்தனியே இசைவு கேளுங்கள். சாதி, நிலத்தகராறு பற்றிய செய்தியானால், அவரே இசைந்தாலும் பெயரை மாற்றி எழுதுவதே பாதுகாப்பு.

13. "கீழடி பற்றிச் செய்தித்தாளில் வந்ததை அப்படியே மேற்கோள் காட்டலாமா?"

செய்தி வெளியான விதத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் காட்டலாம். கீழடியைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கைக்குச் செல்லுங்கள். "கீழடி 2600 ஆண்டுப் பழமை" என்று தலைப்பில் ஒரே அடியாக முடிந்துபோகும் செய்தி அறிக்கையில் படிப்படியாக விரிகிறது. காலக்கணிப்புக்கு அனுப்பிய கரிம மாதிரிகளில் ஒன்று 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது; அதற்கு அமெரிக்க ஆய்வகம் ஒன்று பொ.ஆ.மு. 580 எனக் காலம் குறித்தது. அந்த மாதிரியின் காலம் ஒன்று. அதே மண்ணடுக்கில் கிடைத்த பானையோட்டின் காலம் அதிலிருந்து பெறும் முடிவு. ஓட்டின் மேலுள்ள எழுத்தின் தொன்மை அதற்கும் அடுத்த முடிவு. ஒவ்வொரு படியிலும் ஆய்வாளர்கள் விவாதிக்க இடமுண்டு. இரண்டாம் கேள்வியில் 1010 பற்றிப் பார்த்த அதே கதைதான்.

14. "ஐ.எஸ்.எஸ்.என். எண் உள்ள ஆய்விதழ் என்றால் தரமானதுதானே?"

இல்லை. அந்த எட்டு இலக்க எண் ஒரு தொடர் வெளியீட்டை அடையாளம் காண்பதற்காகத் தரப்படுவது. வண்டிக்குப் பதிவெண் இருப்பதால் ஓட்டுநர் நல்லவர் என்று ஆகிவிடாது. கட்டுரையை அனுப்பிய மூன்றே நாளில் ஏற்பு, ஏற்றவுடன் கட்டணம், பொறியியலும் யோகாவும் சங்க இலக்கியமும் ஒரே இதழில் என்று இருந்தால் விலகி நில்லுங்கள். ஆசிரியர் குழுவில் பெயர் போட்டிருப்பவர்களின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குச் சென்று, தாம் அந்தக் குழுவில் இருப்பதாக அவர்களே குறிப்பிடுகிறார்களா என்று பாருங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு பராமரித்துவந்த ஆய்விதழ்ப் பட்டியலை 2025இல் கைவிட்டுவிட்டது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு முடிந்த வேலை இனி நம் தலையில். கட்டுரையைப் படித்து, ஏழாம் கேள்வியின் சோதனையைப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

15. "இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் திரட்டான ஷோத்கங்காவில் என் தலைப்பிலேயே ஓர் ஆய்வேடு இருக்கிறது. அதில் உள்ள மேற்கோள்களை எடுத்துக்கொள்ளலாமா?"

வழி காட்டியவரை மறைத்துவிட்டு நீங்களே போய்ப் பார்த்ததாக எழுதக் கூடாது. ஆய்வேட்டில் சுட்டப்பட்ட மூலநூலைத் தேடி எடுத்துப் படித்துவிட்டால் அந்த மூலத்தையே காட்டலாம். மூலம் கிடைக்கவில்லை என்றால், இன்ன நூல், இன்னாருடைய ஆய்வேட்டில் எடுத்தாளப்பட்டது என்று உள்ளபடி எழுதுங்கள். இதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை. மூலத்தைப் பார்க்காமல் எழுதியவர்கள் அகப்பட்டுக்கொள்வது பெரும்பாலும் பக்க எண்ணில்தான்: முந்தையவர் தவறாகக் குறித்த எண்ணை இவரும் குறித்திருப்பார், ஒன்பதாம் கேள்வியின் சுவடிகளைப் போல.

16. "பத்து விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் திருட்டு இல்லை என்கிறார்களே? வாக்கியத்தை மாற்றி எழுதினால் போதுமா?"

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறை ஒப்புமை 10 விழுக்காடுவரை இருந்தால் தண்டனை இல்லை என்கிறது. 10க்கு மேல் 40வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60வரை என்றால் ஓராண்டுத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் இது தண்டனைக்கான அளவுகோல் மட்டுமே. மென்பொருள் சொற்களை ஒப்பிடுகிறது. கருத்தின் உரிமையாளர் யார் என்று அதற்குத் தெரியாது. அச்சு நூலில் மட்டும் உள்ள ஒரு பத்தியை எடுத்து எழுதினால் அது கண்டுபிடிக்காது, அந்த நூலைப் படித்த தேர்வாளர் கண்டுபிடித்துவிடுவார்.

ஒருவருடைய கருத்தை உங்கள் சொற்களில் எழுதினாலும் அவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். எழுதும்போது மூலநூலை மூடி வையுங்கள். திறந்து வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றினால் வருவது உங்கள் நடை ஆகாது. பழைய சூத்திரங்களைத் தம் நூலில் அப்படியே சேர்த்துக்கொண்ட நன்னூலார்கூட, முன்னோர் மொழியைப் பொன்போல் போற்றுவதற்காகச் செய்வதாக அந்த நூலிலேயே சொல்லிவிட்டுத்தான் செய்கிறார்.

17. "செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டேன், நூல், ஆசிரியர், பக்க எண் எல்லாம் தந்தது. சேர்த்துக்கொள்ளலாமா?"

அந்த நூல் உண்மையில் இருக்கிறதா என்று நூலகப் பட்டியலில் பார்க்கும்வரை சேர்க்க வேண்டாம். இத்தகைய பட்டியலோடு வந்து, இல்லாத நூலை அலமாரியில் தேடச் சொன்னவர்கள் பலர். ஆசிரியர் உண்மையானவராக இருப்பார், தலைப்பு அவர் எழுதக்கூடியதாகவே இருக்கும், ஆனால் அவர் அப்படியொரு நூலை எழுதியிருக்கவே மாட்டார். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்ற கணிப்பில் இயங்கும் கருவி அது. "இவருக்கு இது எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கு அதனிடம் நேரான விடை கிடைக்காது, விடைபோல ஒன்று கிடைக்கும்.

தேடுசொற்களைப் பெருக்கவும், புரியாத ஆங்கிலப் பத்தியை விளங்கிக்கொள்ளவும் பயன்படுத்தலாம். பயன்படுத்தியதை உங்கள் துறையின் விதிப்படி ஆய்வேட்டில் தெரிவித்துவிடுங்கள்.

18. "என் கருதுகோளுக்கு எதிரான சான்று கிடைத்துவிட்டது. சமர்ப்பிக்க இரண்டு மாதம்தான் இருக்கிறது. விட்டுவிடலாமா?"

விடக் கூடாது. முதலில் அந்தச் சான்றையும், உங்களுக்குச் சாதகமான சான்றுகளைச் சோதித்த அதே கடுமையோடு சோதியுங்கள். பிடிக்காத சான்றிடம் மட்டும் ஆயிரம் கேள்வி கேட்பது எல்லோரும் செய்வது. வாய்மொழித் தேர்வில் அது எளிதில் வெளிப்பட்டுவிடும். சான்று நின்றால், கருதுகோளின் எல்லையைச் சுருக்குங்கள். "குளங்கள் ஆக்கிரமிப்பால் அழிந்தன" என்று தொடங்கியவருக்கு, ஒரு குளத்தை ஊராட்சியே பேருந்து நிலையத்துக்காகத் தூர்த்த தீர்மானம் கிடைத்தது. அவர் அந்தக் குளத்துக்குத் தனி இயல் எழுதினார்; ஆய்வேட்டில் நன்றாக வந்த இயல் அதுதான்.

19. "எவ்வளவு தேடினால் போதும்? எப்போது நிறுத்துவது?"

புதிதாக எடுக்கும் நூல்களின் அடிக்குறிப்புகளில் நீங்கள் முன்பே படித்தவையே திரும்பத் திரும்ப வரத் தொடங்கினால் எழுத உட்காரலாம். மூன்று நூல்களில் தொடர்ந்து புதிய பெயர் எதுவும் அகப்படவில்லை என்பது என் சொந்த அளவுகோல்; விதி ஒன்றும் அல்ல.

நிறுத்தும்போது, எங்கெங்கே தேடினீர்கள், எந்த நாளில், என்னென்ன சொற்களில், எந்தக் கட்டு கிடைக்கவில்லை என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதிப் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஆவணக் காப்பகத்தில் கேட்ட கோப்பு "இருப்பில் இல்லை" என்று திரும்பி வந்தால் அந்தக் கோரிக்கைச் சீட்டின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லை என்று வந்த கோப்பு வேறு எண்ணில் கட்டி வைக்கப்பட்டிருந்து, பிறகு வந்த மாணவருக்குக் கிடைத்ததும் உண்டு. முன்னவர் எழுதி வைத்த சீட்டெண்ணைக் கொண்டுதான் அவர் மறுபடி கேட்டார்.